விரியாத மூன்று குருத்துகள்

சுங்கை ஆயர் தாவாரில், தாத்தாவின் செம்பனை ஒன்றில் அடிமட்டைகள் பாவாடைபோல் தொங்கின. உரம் போதவில்லை என்றேன். தாத்தா உச்சியைக் காட்டினார்: மூன்று குருத்துகள் விரியாமல் நின்றன. வறட்சியிலும் அப்படி நிற்கும். ஆனால் அது நல்ல மழைக்காலம். அடிமரத்தில் புல்லை விலக்கினோம். வெள்ளை விளிம்புடன் தட்டுக் காளான். கானோடெர்மா!

வேர் வழியே நுழையும் பூஞ்சை இது. மட்டை தொங்கும்போதே அடித்தண்டு பாதி செத்திருக்கும், குணமாக்க மருந்தில்லை. மலேசியச் செம்பனையில் 1931-இலேயே பதிவான நோய். தென்னை இருந்த கடலோர நிலத்தில் தொல்லை அதிகம். பழைய அடிக்கட்டைகளில் பூஞ்சை காத்திருக்கும். எங்கள் நிலமும் முன்பு தென்னந்தோப்புதான்.

நன்றாகக் காய்த்த மரம். வெட்டி, வேர்க்கட்டையைத் தோண்டித் துண்டாக்கினோம். பக்கத்து மரங்களை இப்போது மாதந்தோறும் நானே பார்க்கிறேன். ஒன்றில் இரண்டு குருத்துகள் விரியவில்லை. வெயில் காலம், மழை வரட்டும் என்கிறார் தாத்தா.