டூரிங் பைக் செட்டப்: 15,100 மிச்சம்னு நினைச்சேன், 7,400 தான் மிஞ்சிச்சு!



நம்ம சேனல்ல என் பைக்கைக் காட்டின நாள்லேர்ந்து நிறைய பேர் கேட்கிற கேள்வி, "ப்ரோ, அந்த சைடு பெட்டி, ஸ்டாண்டு எல்லாம் எங்க வாங்கினீங்க? எவ்வளவு ஆச்சு?"

வாங்கலைங்க. திண்டிவனத்துல ஒரு வெல்டிங் பட்டறையில செஞ்சது. ஆனா நீங்க வீடியோவுல பார்த்தது ரெண்டாவது செட். முதல் செட் கல்வராயன் மலையில உடைஞ்சு போச்சு. அதைச் சொல்லாம செலவை மட்டும் சொன்னா அது பாதிக் கணக்குதான்.

ஏன் நானே செய்ய இறங்கினேன்?

என்னோடது 2018 மாடல் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 411 சிசி, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. 15 லிட்டர் டேங்க், நல்ல கிரவுண்ட் கிளியரன்ஸ். லாங் டூருக்கு இது போதும். 2023 கடைசியில ஹிமாலயன் 450 வந்தப்போ எனக்கும் ஆசை இருந்துச்சு. ஆனா 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 350 சிசிக்கு மேல இருக்கிற பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இ.எம்.ஐ. போட்டுப் பார்த்தேன், ஆசை அடங்கிடுச்சு. பழைய வண்டியையே தயார் பண்ணலாம்னு முடிவு பண்ணினேன்.

சாடில் ஸ்டே, ரெண்டு பெட்டி, கைக்கு காத்துத் தடுப்பு, சைடு ஸ்டாண்டுக்கு அகலமான அடித்தகடு. இதெல்லாம் ரெடிமேடா விசாரிச்சா மொத்தம் 19,000 ரூபாய் சொன்னாங்க.

சொந்தமா செய்யறது ஒண்ணும் புது ஐடியா இல்ல. எல்ஸ்பெத் பியர்ட்னு ஒரு பிரிட்டிஷ் பெண், 1982-ல பிஎம்டபிள்யூ ஆர்60/6 பைக்ல உலகம் சுத்தக் கிளம்பினாங்க. வழியில சிட்னியில வேலை பார்த்துக்கிட்டே, அலுமினியத் தகட்டை மடிச்சு ரிவிட் அடிச்சு, பூட்டுப் போடற மாதிரி பெட்டிகளைத் தானே செஞ்சாங்க. 1984-ல வீடு திரும்பினாங்க. அவங்களால முடிஞ்சது நம்மால முடியாதான்னு இறங்கிட்டேன்.

300 ரூபாய் மிச்சம் பிடிச்ச கதை

நான் இருக்கிறது விழுப்புரம். பட்டறை திண்டிவனத்துல, எங்க மாமா வீட்டுப் பக்கத்துல. முதல் ஸ்டே செய்யும்போதே பட்டறை அண்ணன் கேட்டார்: "தம்பி, லெஃப்ட்டையும் ரைட்டையும் சேர்த்துப் பின்னாடி ஒரு கம்பி குடுத்துடட்டுமா? 300 ரூபா கூட ஆவும்."

"வேணாம்ணே, வெயிட் ஏறும்"னு சொன்னேன். உண்மையான காரணம் வெயிட் இல்ல, அந்த 300 ரூபாய். பைப்பும் மெல்லிசாவே போதும்னுட்டேன். 1,400 ரூபாய்ல வேலை முடிஞ்சிடுச்சு. ரொம்ப சந்தோஷம்.

ரெண்டு வாரம் கழிச்சு, பின்னாடி தம்பியை உட்கார வச்சுக்கிட்டு, கள்ளக்குறிச்சி தாண்டி வெள்ளிமலை ஏறினோம். ஒரு வளைவுல 'டக்'னு சத்தம். "அண்ணா நிறுத்து, நிறுத்து!"னு தம்பி கத்தினான். போல்ட் ஓட்டைக்குப் பக்கத்துல வெல்டிங் விட்டுப்போய், இடது பக்கப் பெட்டி உள்ளே சாய்ஞ்சு, உடைஞ்ச பைப் முனை டயரோட பக்கவாட்டைக் கிழிச்சிருந்துச்சு. அப்போ 25 கி.மீ. வேகம்தான். இதே திண்டிவனம் ஹைவேயில 80-ல நடந்திருந்தா இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். தம்பியும் இருந்திருக்க மாட்டான்.

உடைஞ்சதைப் பார்த்த பட்டறை அண்ணன் திட்டக்கூட இல்ல. "தம்பி, இது வெயிட்டால உடையல, ஆட்டத்தால உடைஞ்சிருக்கு"ன்னார். ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடினா, பாரம் முழுக்க வெல்டிங் ஓரத்துலதான் விழும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு, ஒருநாள் மொத்தமா விட்டுடும்.

ரெண்டாவது தடவை என்ன மாத்தினோம்?

* கனமான எம்எஸ் பைப். பின்னாடி குறுக்குக் கம்பி. மூலைகள்ல முக்கோணத் தகடு.
* சாதாரண நட்டுக்குப் பதில் நைலாக் நட்டு, பெரிய வாஷர்.
* வண்டியில இருக்கிற ஓட்டைகள்ல மட்டும் மாட்டினோம். ஃப்ரேம்ல துளையும் இல்ல, வெல்டிங்கும் இல்ல.
* ஸ்டேயைக் கழட்டி வச்சுத்தான் வெல்டிங். வண்டியிலேயே அடிச்சா எலக்ட்ரானிக்ஸ் போக வாய்ப்பிருக்கு. தவிர்க்கவே முடியலைன்னா பேட்டரி ஒயரைக் கழட்டிடுங்க.
* ஜிஐ பைப் வேண்டாம். அதோட துத்தநாகப் பூச்சு எரிஞ்சு வர்ற புகை வெல்டிங் பண்றவருக்கு ஆகாது.

பெட்டிகளைப் பழைய பேப்பர் கடைத் தராசுல வச்சுப் பார்த்தேன். முதல் டூர்ல ஒரு பக்கம் 14 கிலோ ஏத்தியிருக்கேன்! இப்போ பக்கத்துக்கு 8 கிலோதான். கிளம்பறதுக்கு முன்னாடி மணல் பை கட்டி, செஞ்சி வழியா திருவண்ணாமலை போய் வந்தேன். திரும்பி வந்து பார்த்தா ரெண்டு நட்டு லூஸ். டைட் பண்ணினேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் பிரச்சினை இல்ல.

இப்போ முழுக் கணக்கு

* சாடில் ஸ்டே (ரெண்டாவது): 2,300
* 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ரெண்டு வெட்டிச் செஞ்ச பெட்டி, கீல், கொக்கி: 1,250
* கைத் தடுப்பு: 200
* சைடு ஸ்டாண்டு தகடு: 150

மொத்தம் 3,900. ரெடிமேட் விலையோட பார்த்தா 15,100 மிச்சம்! இதோட நிறுத்தியிருந்தா நல்ல தலைப்பு கிடைச்சிருக்கும். ஆனா இதையும் சேருங்க:

* உடைஞ்ச முதல் ஸ்டே: 1,400
* புது பின் டயர்: 4,200
* இண்டிகேட்டர்: 600
* ஆறு தடவை திண்டிவனம் போய் வந்த பெட்ரோல்: சுமார் 1,500 (விக்கிரவாண்டி டோல்ல பைக்குக்குக் காசில்லை, அது ஒண்ணுதான் ஆறுதல்)

மொத்தச் செலவு 11,600. உண்மையான மிச்சம் 7,400. 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 6,200 ரூபாய் போச்சு.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு விதி: உடைஞ்சா பை மட்டும் விழும்னா நீங்களே செய்யுங்க. உடைஞ்சா ஆள் விழுவான்னா கடையில வாங்குங்க. ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் போகவே போகாதீங்க. எக்ஸ்ட்ரா லைட் போட்டா ஃபியூஸ், ரிலேயோட வர்ற ஒயரிங் செட்டை வாங்கிடுங்க. சாடில் ஸ்டேயும் முதல் வகைன்னுதான் நினைச்சேன். சக்கரத்துப் பக்கத்துல இருக்கிற எதுவும் ரெண்டாவது வகைதான். அதனால அதுல மட்டும் காசு பார்க்காதீங்க.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த அமைப்புலேர்ந்து மாறிப்போற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். கழட்டி மாட்டற பெட்டியா இருந்தாலும் நம்பர் பிளேட், இண்டிகேட்டர், பின் லைட்டை மறைக்கக்கூடாது.

பாலிசியில எழுதாத ஆக்சஸரீஸுக்கு க்ளெய்ம் எதிர்பார்க்காதீங்க. டூர் கிளம்பறதுக்கு முன்னாடி என்ன மாட்டியிருக்கீங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லிட்டு, பதிலையும் வாங்கி வச்சுக்கோங்க.

மிஞ்சின 7,400-ல முதல் செலவு, தம்பிக்கு ஒரு நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட். மீதி டூர் ஆர்.டி.க்குப் போயிடுச்சு. அடுத்த டூருக்கும் அவன்தான் பின்னாடி உட்காரப் போறான். ஆனா இப்பல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி அவனே ஸ்பேனரை எடுத்துட்டு வந்து எல்லா நட்டையும் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் ஏறுறான்.