பட்டின் பசையும் சாக்கடையின் கணக்கும்

ஆரணிச் சாயப்பட்டறைக்கு வந்து சேரும் கச்சாப் பட்டில் பளபளப்பு இராது. தொட்டால் வைக்கோல்போல் சொரசொரக்கும். கூட்டை ஒட்டவைக்கப் புழு சுரந்த செரிசின் என்னும் புரதப் பசை இழையைப் போர்த்தியிருப்பதே காரணம். சவுக்காரமும் சோடாவும் கரைத்த வெந்நீரில் சிட்டங்களைப் புரட்டிப் புரட்டி எடுக்கப் பசை கரையும், இழை மென்மையுறும், எடையோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். 10 கிலோ பட்டு 7.5 கிலோவாக வெளிவரும். எஞ்சிய 2.5 கிலோ அண்டா நீரில் இருக்கிறது. 300 லிட்டர் நீர் என்று கொண்டால், லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல்!

இப்புரதம் நஞ்சன்று, நுண்ணுயிர்க்கு விருந்து. கமண்டல நாகநதியில் கலந்தாலோ, அவ்விருந்தை உண்ணும் உயிர்கள் நீரில் கரைந்த உயிர்வளியைத் தீர்த்துவிடும். மீன் மூச்சடைத்து மாளும். அந்தப் பசியின் அளவே உயிர்வேதி உயிர்வளித் தேவை. மாதிரி நீரை 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் மூடிவைத்து, குறைந்த உயிர்வளியைக் கணக்கிடுவது நம் நாட்டு முறை.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஆறாம் அட்டவணை, இத்தேவைக்கு ஆற்றில் லிட்டருக்கு 30 மில்லிகிராமும் பொதுச் சாக்கடையில் 350 மில்லிகிராமும் எல்லையாக வகுத்தது. சாக்கடைக்கு ஏன் இத்தனை தாராளம்? அதன் கடைக்கோடியில் நுண்ணுயிர்களைக் கொண்டு நீரைத் தூய்மையாக்கும் நிலையம் காத்திருக்கிறது என்னும் நம்பிக்கைதான். மொத்தக் குரோமியத்துக்கோ இரண்டிடத்தும் எல்லை 2 மில்லிகிராமே. பட்டுக்கு இடும் உலோகக் கூட்டுச் சாயங்கள் சிலவற்றில் அது உண்டு. எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்காது. நிலையமே இல்லாத வாய்க்காலைச் சாக்கடை என்று பெயரிட்டு 350-ஐக் காட்டுவது, என் கணிப்பில், ஏட்டுச் சுரைக்காய். அங்கே 30-தான் அறம்.

திருப்பூரின் நோய் வேறு. பருத்திச் சாயத்துக்கு உப்பை அள்ளி இறைக்க வேண்டும். உப்பை உண்ண உயிரில்லை. 2011இல் உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூடச் செய்யுமளவுக்கு நொய்யல் ஆறு கெட்டது. பட்டுக்குப் பெரும்பாலும் அமிலச் சாயங்களே; அவற்றுக்கு அத்தனை உப்பு வேண்டாம். ஆரணியின் சிக்கல் அவ்வளவு கொடிதன்று.

எல்லையை லிட்டர்க் கணக்கில் வகுத்ததில் ஓர் ஓட்டை உண்டு: கூடுதலாய் நாலு குடம் நீர் ஊற்றினால் எண் இறங்கும். பசையோ ஒரு கிராமும் குறையாது, கிணறுதான் வற்றும்.

பட்டறையிலேயே செய்யத்தக்கது ஒன்றுண்டு. பசை நீரைத் தனித் தொட்டியில் பிடித்து, அமிலமிட்டு அமிலகார அளவை 4-க்கு அருகே இறக்கினால், செரிசின் திரண்டு படியும்; சவுக்காரம் கொழுப்பமிலமாய் மிதக்கும். தெளிந்த நீரைச் சுண்ணாம்பிட்டு, அமிலகார அளவை விதி கேட்கும் அளவுக்கு ஏற்றியே வெளிவிட வேண்டும். படிந்த செரிசினைத் தூய்மையாக்கினால் அழகுப்பொருள் செய்வோருக்கும் உதவும். சாய நீர் அதில் கலவாதிருக்கும் வரை.