முகவிலையும் சொல்வலியும்: இடைக்கால அயர்லாந்தைக் களமாகக் கொண்ட கதைவிளையாட்டு

பழைய சமுதாயம் ஒன்றனை அறிதற்கு அதன் இலக்கியமும் சட்டநூல்களும் தலையாய சான்றுகள் ஆகும். அவற்றைக் கற்றோர் அச்சமுதாயத்தைப் பற்றி உரையாற்ற வல்லராவர். ஆயின், அச்சமுதாயத்து மனிதன் ஒருவன் ஓர் இக்கட்டில் என் செய்வான், அது கண்டு ஊரார் என் சொல்வர் என்று எவரேனும் வினவுங்கால், தயங்காது விடைகூற வல்லார் சிலரே. ஓர் உலகைப் பற்றி அறிதல் வேறு. அவ்வுலகின் நெறிகளுக்குள் நின்று சிந்தித்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும் களம் ஒன்று உண்டு. பாத்திரமேற்று ஆடும் கதைவிளையாட்டே அது. இடைக்கால அயர்லாந்தைக் களமாகக் கொண்டு அவ்விளையாட்டை நடத்துவோர் எதனை முதன்மையாகக் கொள்ளல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

அயர்லாந்தின் வீரக்கதைகள் தமிழாய்வுக்கு முற்றிலும் புதியன அல்ல. பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வேல்சு வீரநிலை இலக்கியங்களோடு ஒப்புநோக்கினார். அப்பணியின் பயனைத் தமிழுலகம் அறியும். எனினும் இக்கட்டுரையில் நாம் ஒப்புமை நாடவில்லை. ஐரிஷ் உலகை அதன் தனித்தன்மையிலேயே காண முயல்கின்றோம்.

1. விளையாட்டின் இயல்பு

இவ்வகை விளையாட்டு அமெரிக்க நாட்டில் தோன்றியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே அச்சில் வந்த முதல் ஆட்டமாகக் கொள்ளப்படுகின்றது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் சூழலைக் கூறுவார். ஆடுவோர் தத்தம் பாத்திரம் செய்வதைக் கூறுவர். விளைவு ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டி முடிவு காண்பர். ஒரே கதை பல மாதங்கள் தொடர்ந்து நடப்பதும் உண்டு.

இவ்வாட்டத்தின் வழக்கமான அமைப்பு யாவரும் அறிந்ததே. ஊர்தோறும் திரியும் வீரர் குழு ஒன்று பாழ்நிலவறையுள் புகும், கொடிய உயிர்களைக் கொல்லும், பொற்காசுகளைக் கவரும், மேன்மேலும் வலிமை பெறும். இவ்வமைப்பினை அப்படியே கொண்டு, ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மட்டும் ஐரிஷ் மொழியில் இட்டால் அயர்லாந்துக் களம் அமைந்துவிடும் என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதே நம் துணிபு.

2. களமும் காலமும்

கி. பி. 800ஐ ஒட்டிய காலத்தைக் களமாகக் கொள்வோம். வைக்கிங் கொள்ளையர் 795ஆம் ஆண்டளவில் அயர்லாந்துக் கரையை முதன்முதல் தாக்கினர். நார்மானியர் 1169இல்தான் வந்தனர். நாடு ‘தூஅத்’ எனப்படும் சிற்றரசுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. 5ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை எக்காலத்தும் 150க்குக் குறையாத அரசர் இருந்திருப்பர் என்று வரலாற்றறிஞர் பிரான்சிஸ் ஜான் பெர்ன் மதிப்பிட்டார். நகரங்கள் இல்லை, மடங்களே மக்கள் கூடும் இடங்கள். அந்நாட்டில் நாணயம் முதன்முதல் அடிக்கப்பட்டது ஏறத்தாழ 997இல், டப்ளினை ஆண்ட நார்சு அரசன் சிட்ரிக் காலத்திலாகும். ஆதலின் 800இல் பொற்காசுப் புதையல் என்பதற்கு இடமில்லை. செல்வம் என்பது ஆனிரை. போர் என்பது பெரும்பாலும் ஆகோள்.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. அக்காலச் சட்டப்படி சாதாரண மனிதன் ஒருவனுக்குத் தன் தூஅத்துக்கு வெளியே உரிமை இல்லை எனலாம். எல்லை கடந்தவனைக் கொன்றால் கேட்பார் அரியர். எனவே, ஊர்விட்டு ஊர் திரியும் வீரர் குழு என்னும் விளையாட்டின் அடிப்படையே அங்குப் பொருந்தாது போகின்றது. இவ்விதிக்கு விலக்குப் பெற்றோருள் தலையாயவர் ‘ஃபிலி’ எனப்பட்ட புலவர். அவர் எங்குச் செல்லினும் அவர்தம் மதிப்பு உடன் செல்லும். ஆதலின் புலவர் ஒருவரும் அவருடன் செல்லும் சுற்றமுமே திரியும் குழுவுக்கு இயல்பான வடிவம் ஆகும். மற்றொரு வடிவம் ‘ஃபீஅன்’. வளர்ப்பு வீட்டை விட்டு நீங்கித் தந்தைவழி நிலம் இன்னும் கைக்கு வாராத இளைஞர்கள், காட்டில் வேட்டையும் கொள்ளையுமாக வாழ்ந்த கூட்டம் அது. சட்டத்தைக் கற்ற நடத்துநர் தம் கதைமாந்தரையும் உடன் பெற்றுவிடுகின்றார் என்பது இதனால் விளங்கும்.

3. முகவிலை

வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் உயிர்ப்புள்ளி என ஓர் எண் உண்டு. அது தீர்ந்தால் சாவு. ஐரிஷ் உலகில் அத்தகைய எண் ஒன்று சட்டநூலிலேயே எழுதப்பட்டுள்ளது. அது ‘லோக் நெனெக்’. முகத்தின் விலை என்பது அதன் நேர்ப்பொருள். ஒருவனை இழிவுபடுத்தினால் செலுத்தவேண்டிய தண்டம் அது. கி. பி. 700ஐ ஒட்டி எழுந்த ‘கிரீத் கப்லஹ்’ என்னும் சட்டநூல் இவ்விலையைப் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. இளைய உழவனுக்கு 3 ‘செட்’, நிலைபெற்ற உழவனுக்கு 5 செட், சிற்றரசனுக்கு 7 ‘குமல்’. செட், குமல் என்பன மதிப்பின் அளவுகள். தலைமைப் புலவருக்கும் அரசனுக்குரிய 7 குமலே விலை.

முகவிலை வெறும் தண்டக் கணக்கன்று. அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைத் தனித்துச் செய்ய ஒருவனுக்கு உரிமையில்லை. வழக்கில் உயர்ந்த விலையுடையோன் சொல் தாழ்ந்தோன் சொல்லை வெல்லும். மேலும், அது குறையக்கூடியது. பொய்த்தீர்ப்பு வழங்கிய அரசன் அதனை இழப்பான். புறமுதுகில் புண்பட்டவன் இழப்பான். கொட்டாப்புளியும் மண்வெட்டியும் கோடரியும் ஏந்திக் குடியானவன் வேலை செய்யும் அரசனுக்குக் குடியானவனின் விலையே உண்டு. வசைக்கு உள்ளாகி அதனைப் பொறுத்துக்கொள்ளும் அரசனும் இழப்பான்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் தகாது. குமல் என்னும் சொல்லின் முதற்பொருள் அடிமைப் பெண் என்பதாகும். அரசனின் முகத்தை அவ்வுலகம் அடிமைப் பெண்டிரைக்கொண்டு எண்ணியது. வீரத்தையும் பாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு இதனை விலக்கும் ஆட்டம் அயர்லாந்தைக் காட்டாது. அயர்லாந்தின் ஆடையை மட்டுமே காட்டும்.

4. வசையின் வலி

சொல் எத்துணை அஞ்சப்பட்டது என்பதற்கு ‘தாயின் போ குவால்ங்யே’ என்னும் ஆகோட் கதையில் ஒரு சான்று காண்போம். கன்னாட் நாட்டு அரசி மேவ், அல்ஸ்டர் வீரன் கூஹுலினோடு தனிப்போர் புரிய ஃபெர்தியா என்பானை அழைக்கின்றாள். இருவரும் ஒரே ஆசிரியையிடம் படைக்கலம் பயின்ற உடன்வளர்ப்புத் தோழர். ஆதலின் அவன் மறுக்கின்றான். மேவ் படை அனுப்பவில்லை, புலவரை அனுப்புகின்றாள். வாராவிடின் முகத்தில் கொப்புளம் எழுமாறு வசைபாடுவர் என்பது செய்தி. வசையால் அழிதலினும் படையால் வீழ்தல் மேல் எனக் கருதி அவன் வருகின்றான். தோழன் கையால் ஆற்றுத்துறையில் மடிகின்றான்.

ஆயினும் வசை தடையற்ற படைக்கலம் அன்று. பழைய சொற்பொருள் நூலொன்று கயர் என்னும் அரசனின் கதையைக் கூறுகின்றது. அவன்பால் ஒரு கத்தி இருந்தது. அதனைப் பிறர்க்கு ஈதல் அவனுக்கு விலக்கப்பட்டிருந்தது. அவனுடன்பிறந்தான் மகனான நேதே என்னும் புலவன் அதனை அறிந்தே அக்கத்தியை இரந்தான், மறுக்கவே வசைபாடினான். அரசன் முகத்தில் மூன்று கொப்புளங்கள் எழுந்தன. வடுவுடையோன் அரசாளுதல் ஆகாது; கயர் ஓடி ஒளிந்தான், நேதே அரசனானான். பின்னர்ச் செய்ததற்கு இரங்கிய நேதே அவனைத் தேடிச் சென்றபோது, கயர் நாணத்தால் உயிர்நீத்தான். அவன் சாய்ந்திருந்த பாறை வெடித்து, அதன் சிதறல் நேதேயைக் கொன்றது. முறையற்ற வசை பாடினவனையே அழிக்கும் என்பது இதன் கருத்து. ஆட்டத்திற்கும் இதுவே விதியாதல் வேண்டும். முறையான காரணமின்றிப் பாடும் புலவனது முகவிலையே முதலில் வீழ்தல் வேண்டும்.

5. கெஷ் என்னும் விலக்கு

கயருக்கு விதிக்கப்பட்ட விலக்கின் பெயர் ‘கெஷ்’. இன்னது செய்யலாகாது என ஒருவனுக்கென்றே அமைந்த தடை அது. ஆட்டங்கள் பலவற்றில் இதனைப் பாத்திரத்தின் தனிக்குறைபாடு போல ஒரு வரியில் எழுதி வைப்பர். கதைகளில் கெஷ் தனித்து நில்லாது. எப்பொழுதும் மற்றொரு கடமையோடு மோதும்.

கூஹுலின் என்னும் பெயர் குலனின் வேட்டைநாய் எனப் பொருள்படும். தன் பெயருக்குரிய நாயின் இறைச்சியை உண்ணல் அவனுக்கு விலக்கு. அடுப்படியில் விருந்துக்கு அழைத்தால் உண்ணாது செல்லுதலும் விலக்கு. இறுதிப்போருக்குச் செல்லும் வழியில் கிழவியர் நாயிறைச்சியைச் சமைத்து அவனை அழைக்கின்றனர். எதனைச் செய்யினும் ஒரு தடை மீறப்படும். அவன் உண்கின்றான்; உடல் வலி குன்றுகின்றது. கொனரே என்னும் அரசனின் அழிவோ இதனினும் நுண்ணியது. அவனுக்குப் பல கெஷ் உண்டு. கொள்ளையிட்ட தன் உடன்வளர்ப்புச் சகோதரர்க்கு அன்பினால் சலுகை காட்டித் தீர்ப்பளித்து, அவரைக் கடல்கடந்து செல்லவிடுகின்றான். அதன் பின்னர் ஒவ்வொரு கெஷும் ஒன்றன்பின் ஒன்றாக முறிகின்றது. அவரே அயற்கொள்ளையனோடு மீண்டு வந்து அவனை அழிக்கின்றனர். தடைகள் ஊழ்போல் வந்து சூழினும், தொடக்கம் கோணிய தீர்ப்பே.

6. நடத்தும் முறை

மேற்கூறியவற்றால் நடத்துநரின் பணி தெளிவாகின்றது. பகைவரைப் படைத்தல் அன்று. இரு கடமைகளை எதிரெதிர் நிறுத்துதலே அவர் பணி. சான்றாக ஒரு காட்சியைப் புனைந்து காண்போம்.

கதிரவன் மறைந்தபின் வாயில் திறவாமை ஒரு சிற்றரசனுக்குக் கெஷ். மழை பெய்யும் இரவில் முதுபுலவர் ஒருவர் வாயிலில் வந்து நிற்கின்றார். திறந்தால் கெஷ் முறியும்; திறவாவிடின் விருந்தோம்பாமைக்கு வசை வரும். ஆடுவோருள் ஒருவர் அரசனின் வளர்ப்பு மகன். மற்றொருவர் புலவரின் மாணவர். மூன்றாமவர் அருகிலுள்ள காட்டில் கொள்ளையர் பதுங்கியிருத்தலைக் கண்டுவந்த ஃபீஅன் இளைஞர். இங்கு வாள்வீச்சால் தீர்வது ஒன்றுமில்லை. மதிலின் மேலாக உணவும் போர்வையும் இறக்கி, அரசனும் இறங்கி வந்து மழையிலேயே புலவரோடு இரவைக் கழிக்கலாம் என்று வளர்ப்பு மகன் கூறக்கூடும். கெஷ் காக்கப்படும், முகமும் காக்கப்படும். ஆயின் அரசன் காவலின்றி மதிலுக்கு வெளியே இருக்கின்றான். காட்டில் கொள்ளையர் உளர். ஒவ்வொரு தீர்வுக்கும் ஒரு விலை உண்டு என்பதே இவ்வாட்டத்தின் சுவை.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. கிரெக் ஸ்டாஃபர்டு 1985இல் வெளியிட்ட ‘பெண்டிராகன்’ என்னும் ஆட்டம், ஒன்றற்கொன்று முரணிய 13 இணைக் குணங்களுக்கு எண் வகுத்து, அவற்றையும் பகடைக்கு உட்படுத்தியது. ஐரிஷ் களத்தை அமைப்போர் அம்முறையைத் தழுவி, உயிர்ப்புள்ளியின் இடத்தில் முகவிலையை வைக்கலாம். அது ஏறலாம், இறங்கலாம். சுழியானவன் உயிரோடிருந்தும் அவன் சொல் எடுபடாது. பெருமக்கள் கடனைத் தர மறுத்தால், கடன்கொடுத்தோன் அவர் வாயிலில் உண்ணாது இருந்து நீதி கேட்கும் ‘த்ரோஸ்கத்’ என்னும் சட்டமுறையும் அங்கு உண்டு. வலியில்லாத பாத்திரத்திற்கு இது வாளினும் சிறந்த கருவியாகும்.

7. முடிவுரை

இத்தகைய ஆட்டம் வரலாற்றைச் சிறுமைப்படுத்தாதா என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை 12ஆம் நூற்றாண்டு ஏடொன்றில் உள்ளது. ‘லென்ஸ்டர் நூல்’ எனப்படும் அவ்வேட்டில் தாயின் கதை முடிந்தபின் இரு குறிப்புகள் காணப்படுகின்றன. ஐரிஷ் மொழிக் குறிப்பு, கதையை மாற்றாது நினைவில் காப்போரை வாழ்த்துகின்றது. அடுத்து வரும் இலத்தீன் குறிப்போ, இக்கதையைத் தாம் நம்பவில்லை என்றும், இதனுள் புனைவும் மயக்கும் மூடரை மகிழ்விப்பனவும் கலந்துள்ளன என்றும் கூறுகின்றது. நம்பாதவர் கையினாலும் கதை பிழையாது காக்கப்பட்டது.

கதை நடத்துநர்க்கு வேண்டிய மனப்பான்மை இதுவே என்க. அவ்வுலகின் கெஷையும் கொப்புளத்தையும் அவர் நம்பவேண்டுவதில்லை. அவ்வுலகத்தார் நம்பினர் என்பதனை மாற்றாது காத்தல் வேண்டும். அங்ஙனம் காத்தால், மேசையைச் சுற்றி அமர்ந்தோர் சில மணி நேரமேனும் வாளுக்கு அஞ்சாது சொல்லுக்கு அஞ்சிய மக்களின் நெஞ்சோடு சிந்திப்பர். பழைய இலக்கியத்தைக் கற்பதன் பயன்களுள் இதுவும் ஒன்றாகும்.