குழந்தையின் இஷ்டம் யாருடைய இஷ்டம்?

மாதத்தின் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு மளிகைக் கடையில் சற்று நேரம் நின்று பாருங்கள். துவரம் பருப்பு இத்தனை, நல்லெண்ணெய் இத்தனை என்று தாயார் ஜாபிதாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஜாபிதா அவசியமில்லை. அலமாரியில் மின்னும் டப்பா ஒன்றைச் சுட்டிக் காட்டி, "அதுதான் வேணும்!" என்பான். மறுத்தாலோ, கடையே அதிரும்படி அழுகை. "போகட்டும், குழந்தையின் இஷ்டம்" என்று தாயாரும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

குழந்தையின் இஷ்டம் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! ஆனால் அது மெய்யாகவே அவனுடைய இஷ்டந்தானா? அல்லது, வேறு யாரோ அவன் மனத்தில் விதைத்துவிட்டுப் போனதுதான் அவன் வாய் வழியே வெளிவருகிறதா?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 2007-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 63 குழந்தைகளை அழைத்தார்கள். ஒரே பண்டத்தை இரு பங்காக்கி, ஒன்றை வெறும் காகிதத்திலும், மற்றொன்றை 'மெக்டானல்ட்ஸ்' முத்திரையிட்ட காகிதத்திலும் வைத்துக் கொடுத்து, "எது ருசியாக இருக்கிறது?" என்று கேட்டார்கள். ஐந்து பண்டங்களில் நான்கில் முத்திரைக் காகிதமே வென்றது. காரட்டும் பாலும்கூட அந்த நான்கில் அடக்கம்! வீட்டில் டெலிவிஷன் பெட்டிகள் அதிகமாயுள்ள குழந்தைகளிடம் இந்த மயக்கம் அதிகமாகக் காணப்பட்டது. நாக்கு ருசி பார்ப்பதற்கு முன்பே மனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றுதானே இதற்குப் பொருள்?

கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தார் இந்த அபாயத்தை முன்பே உணர்ந்தவர்கள். பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கி வியாபார விளம்பரம் செய்யலாகாது என்ற அவர்களுடைய சட்டம் 1980-ல் அமலுக்கு வந்தது. பொம்மைக் கம்பெனி ஒன்று, "இது எங்கள் பேச்சுச் சுதந்திரத்தைப் பறிக்கிறது" என்று வழக்காடியது. 1989-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேச்சுச் சுதந்திரம் குறைக்கப்படுவது உண்மையே. ஆயினும் விளம்பரத்தின் வசீகரத்தை எதிர்த்து நிற்கும் சக்தி இளங்குழந்தைகளுக்கு இல்லையாதலால் சட்டம் நியாயமானதே என்று ஐவரில் மூவர் முடிவு கூறினர். மற்ற இருவர் இதற்கு உடன்படவில்லை. அத்தகைய அறிஞர்களே இரு பக்கமாகப் பிரிந்த விஷயத்தை, நாமும் விளையாட்டாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

சட்டத்தால் பலன் உண்டா? 1990-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி அதற்கு விடை தருகிறது. கியூபெக்கில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அமெரிக்க நிகழ்ச்சிகளை அதிகமாகப் பார்த்தார்கள்; பிரெஞ்சு பேசும் குழந்தைகள் குறைவாகவே பார்த்தார்கள். சர்க்கரை சேர்த்த தானிய உணவுப் பெட்டிகள் எந்த வீடுகளில் மிகுதியாக இருந்தன என்பதை நேயர்களே ஊகித்துவிடலாம். அமெரிக்க நிகழ்ச்சி பார்த்த வீடுகளில்தான்! சட்டத்துக்குப் பலன் உண்டு. ஆனால் அலைகளுக்கு எல்லை ஏது?

நம் நாட்டுச் சங்கதியும் சுவாரஸ்யமானதே. 'ஆரோக்கிய பானம்' என்று எத்தனை டப்பாக்களை நாம் நம்பி வாங்கியிருக்கிறோம்! நமது உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. ஆகையால், அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களைக் காட்ட வேண்டாமென்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. குழந்தை மட்டுமா ஏமாந்தது? அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நாமும்தான்.

இப்போதோ விளம்பரம் விளம்பரமாகவே வருவதில்லை. கைத்தொலைபேசியில் ஒரு சிறுவன் புதுப் பொம்மையின் பெட்டியைப் பிரித்துக் குதூகலிக்கிறான். நம் வீட்டுக் குழந்தை அவனைத் தன் தோழன் என்று எண்ணுகிறது. வியாபாரி என்றாலாவது சந்தேகிக்கலாம். தோழனை யார் சந்தேகிப்பார்கள்?

"அப்படியானால் எல்லாவற்றையும் நாமே தீர்மானித்துவிடுவோம்" என்று சில தகப்பனார்கள் கிளம்பக்கூடும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பையன் இன்ஜினீயர், பெண் டாக்டர்" என்று தொட்டிலிலேயே முத்திரை குத்துவதும் ஒருவகை விளம்பரமே. "சமையல் சாமான் பொம்மை தங்கைக்கு, மோட்டார் பொம்மை அண்ணனுக்கு" என்று பிரித்துக் கொடுக்கும்போது, நாமும் காகிதத்தில் சுற்றித்தான் கொடுக்கிறோம். வியாபாரியின் பிடியிலிருந்து விடுவித்து நம் பிடியில் வைத்துக்கொள்வதற்குச் சுதந்திரம் என்று பெயரில்லை.

பின் செய்யத்தக்கது என்ன? தேர்ந்தெடுப்பதும் நீந்துவதைப்போல ஒரு வித்தை. கரையில் நிறுத்தி வைத்தால் வராது, ஆழத்தில் தள்ளிவிட்டாலும் வராது. மிகச் சிறு குழந்தைகளை விளம்பரத்திலிருந்து காப்பது சர்க்காரின் கடமையும் நம் கடமையுமாகும். சற்று வளர்ந்தவர்களுடன் உட்கார்ந்து பார்ப்போம். "இந்தப் படத்தை யார் எடுத்தார்கள்? எதற்காக எடுத்தார்கள்? நாம் வாங்கினால் லாபம் யாருக்கு?" என்று கேட்போம். முத்திரை தெரியாமல் இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வோம்; ஸ்டான்போர்டு சோதனைக்கு நம் சமையலறையே போதும்.

இவ்வளவுக்கும் பிறகு, கடையில் அவன் மறுபடியும் அதே டப்பாவைக் கேட்டால்? "எதற்காகக் கேட்கிறாய்?" என்று விசாரிப்போம். அவன் சொல்லும் காரணம் நமக்குப் பிடிக்காததாயிருக்கலாம்; ஆனால் அது அவனுடைய சொந்தக் காரணமாயிருந்தால், அதற்குரிய மதிப்பைக் கொடுப்போம். அன்றைக்கு அவனுடைய கையில் நாம் கொடுப்பது வெறும் டப்பா அன்று.