கொதிகலனுக்குக் கைகொடுக்கும் வெயில்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எரியும் மின்குமிழுக்கு நுரைச்சோலை நிலக்கரியும் ஒரு பங்கு கொடுக்கிறது. புத்தளம் கடற்கரையிலுள்ள அந்த 900 மெகாவாட் அனல்மின் நிலையம் தேசிய மின்வலையமைப்பின் பெரிய தூண். இப்படியான நிலையத்தோடு வெயிலின் சூட்டைச் சேர்த்து எரிபொருளை மிச்சப்படுத்தும் முறை ஒன்று உண்டு.

அனல்மின் நிலையத்தில் நீராவி சுழலியைச் சுற்றிவிட்டு, குளிர்ந்து நீராகி, மறுபடி கொதிகலனுக்குத் திரும்புகிறது. திரும்பும் நீரை முன்கூட்டியே சூடாக்கச் சுழலியிலிருந்தே கொஞ்சம் நீராவியைப் பிரித்தெடுப்பார்கள். அந்தச் சூட்டை வெயில் கொடுத்தால், பிரித்தெடுக்கவேண்டிய நீராவியும் சுழலியிலேயே நின்று மின்சாரம் தரும். அல்லது அதே மின்சாரத்துக்குக் குறைந்த நிலக்கரி போதும். வெயிலில் வைத்த தண்ணீரை உலைக்கு ஊற்றினால் விறகு மிச்சமாவதும் இதனால்தான்.

கூரைகளில் பூட்டும் சோலர் தகடு ஒளியை நேரே மின்சாரமாக்கும். இங்கே தேவைப்படுவது சூடு. வளைந்த கண்ணாடிகளோ, வரிசையாகச் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் தட்டைக் கண்ணாடிகளோ வெயிலை ஒரு நீண்ட குழாயின்மேல் குவிக்கின்றன. குழாயில் ஓடும் எண்ணெயோ நீரோ அந்தச் சூட்டை நிலையத்துக்குக் கொண்டுபோகும். சுழலி, மின்பிறப்பாக்கி, மின்கம்பிப் பாதை எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் புதிதாகக் கட்டவேண்டியது முக்கியமாகக் கண்ணாடி வயல்தான். இரவில் நெருப்பு வழமைபோல் வேலை செய்யும்.

அமெரிக்காவின் புளோரிடாவில், இயற்கை வாயுவில் இயங்கும் மார்ட்டின் நிலையத்தோடு 2010இல் 75 மெகாவாட் அளவுக்குச் சூரிய வெப்பம் இணைக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் லிடல் நிலக்கரி நிலையம் 2,000 மெகாவாட். அதில் சேர்ந்த சூரிய வெப்பமோ 9 மெகாவாட்தான். அந்த நிலையம் 2023இல் மூடப்பட்டது. அதே நாட்டின் கோகன் கிரீக்கில் 44 மெகாவாட் திட்டம் 2016இல் பாதியிலேயே கைவிடப்பட்டது. கண்ணாடிக்கு முகில் மறைக்காத நேர்வெயில் வேண்டும், நிலையத்தின் பக்கத்திலேயே பரந்த காணி வேண்டும். நிலையம் மூடினால் கண்ணாடி வயலுக்கும் வேலையில்லை. அதனால் இது நிலக்கரிக்கு மாற்று ஆகாது, அதன் செலவைக் குறைக்கும் துணை மட்டுமே.

ஆனாலும் நுரைச்சோலைக்கு இந்த யோசனை பொருந்தும் இடம் ஒன்று உண்டு. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் நிலக்கரிக் கப்பல்களை இறக்க முடியாது. முன்பே சேர்த்த கையிருப்பைத்தான் எரிக்கவேண்டும். வரண்ட வலயத்தில் வெயில் கடுமையாக எரிப்பதும் அதே மாதங்களில்தான்.

வன்னிக்கு இதைவிட நெருக்கமான இடம், நெல் அவிக்கும் அரிசி ஆலைகளின் கொதிகலன். அதற்குப் போகும் நீரை வெயிலால் முதலில் சூடாக்க, பெரிய மின்நிலையமோ உயர்ந்த வெப்பநிலையோ தேவையில்லை. தண்ணீர் ஏற்கெனவே கொதிக்கும் இடங்களைத் தேடிப்பிடித்து, அங்கே வெயிலுக்கு ஒரு பங்கு வேலை கொடுப்பதுதான் நாம் முதலில் செய்யக்கூடியது.