சொறிந்தால் அரிப்பு அடங்குவது ஏன்?

தோலில் அரிப்பு எடுத்தால் கை தானாகவே அவ்விடத்தை நாடுகிறது. சொறிந்தவுடன் சுகம் உண்டாகிறது. சற்று நேரத்தில் அரிப்பு முன்னிலும் மிகுதியாகத் திரும்புகிறது. இதன் காரணம் யாது?

அரிப்பு, வலி ஆகிய இரண்டு உணர்ச்சிகளும் நரம்புகளின் வழியே முதுகுத்தண்டை அடைந்து, பின்னர் மூளைக்குச் செல்கின்றன. நகத்தால் சொறியும்பொழுது சிறு வலி தோன்றுகிறது. அவ்வலி முதுகுத்தண்டிலேயே அரிப்புணர்ச்சியை அடக்கிவிடுகிறது. ஆயினும் அரிப்பின் மூலகாரணம் நீங்குவதில்லை. நகம் பட்ட தோல் மேலும் புண்பட்டு, அரிப்பைத் தூண்டும் பொருள்கள் அங்கே பெருகுகின்றன. சீழ் உண்டாக்கும் கிருமிகளும் புண் வழியே புகுகின்றன. அவற்றுள் சில சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லவை.

கொசுக்கடி, படர்தாமரை, தோல் வறட்சி என அரிப்புக்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு வீட்டில் பலரும் இரவில் உறக்கமின்றிச் சொறிந்தால், அது பெரும்பாலும் சிரங்கு நோயே. அரை மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத பெண் பூச்சி, தோலின் மேற்பகுதியைக் குடைந்து நாள்தோறும் 2 அல்லது 3 முட்டைகள் இடுகிறது. பூச்சியையும் அதன் முட்டை, கழிவு ஆகியவற்றையும் உடல் ஒவ்வாமையால் எதிர்ப்பதே அரிப்பாக வெளிப்படுகிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் இது மிகுதி.

முதன்முறை நோய் பற்றியவருக்கு அரிப்புத் தோன்ற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதற்குள் அவரை நெருங்கிப் படுத்துறங்குவோருக்கும் நோய் பரவிவிடும். சொறியும் குழந்தைக்கு மட்டும் மருந்திட்டு நிறுத்துவதே நாம் செய்யும் பெருந்தவறு. மருந்திட்ட குழந்தைக்கு, அரிப்புத் தோன்றாத தாயிடமிருந்தே நோய் மீண்டும் வந்து சேரும்.

ஆகவே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் ஆலோசனைப்படி, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் களிம்பு பூசிக்கொள்ளுதல் வேண்டும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை பூசி, மறுநாட்காலை குளித்து, ஒரு வாரம் கழித்து மறுமுறை பூசுவது வழக்கம். கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் மருத்துவர் தனியே முறை கூறுவார். உடுத்திய துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. பூச்சிகள் இறந்த பின்னரும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கக்கூடும். அதனால் மனந்தளர வேண்டா.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் வார்டில் இத்தகைய வீடுகளைக் கண்டால், கிராம சுகாதாரச் செவிலியருக்கு உடனே அறிவித்தல் நலம். சிரங்கு ஒருவரின் குற்றமன்று. வீடு முழுவதும் ஒன்றுபட்டு நீக்கவேண்டிய நோய்.