முற்றவெளி

திருகோணமலைக்கு வரும் யாத்திரிகர்கள், கோணேசரைத் தரிசிக்கும் ஆவலோடு பிரெடரிக் கோட்டை வாசலை நோக்கி விரைகையில், அவ்வாசலின் முன்னே கடற்காற்றுத் தடையின்றி வீச விரிந்து கிடக்கும் முற்றவெளியை ஒரு நிமிஷமேனும் நின்று பார்ப்பதில்லை. அந்த வெறும் புல்தரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1622ஆம் ஆண்டில் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே இங்குக் கோட்டை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தரும், சிறிது காலம் பிரெஞ்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். கோட்டைக்கு முன்னே மரமும் வீடும் இருந்தால் முற்றுகையிட வரும் பகைவன் அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவான் என்பதால், பீரங்கிக் குண்டு பாயும் தூரமளவும் நிலத்தை வெறுமையாக வைத்திருப்பது அக்காலத்துக் கோட்டைக் கலையின் விதி. யாழ்ப்பாணத்துக் கோட்டையின் முன்னும் முற்றவெளி உண்டு. அதன் காரணமும் இதுவே. சம்ஹாரத்தின் பொருட்டு ஒதுக்கப்பட்ட நிலம் பிற்காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு உரியதாயிற்று என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இங்கு அந்த விளையாட்டு பெரும்பாலும் உதைபந்தாட்டமே. இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் உதைபந்தாட்ட மைதானங்கள் பல, மாடு மேய்ந்த புல்வெளிகளிலிருந்து பிறந்தவை. 1863இல் லண்டனில் விதிகள் வகுக்கப்பட்ட அந்த ஆட்டத்தை, துறைமுகந்தோறும் கரையிறங்கிய கப்பற்படையினர் உலகெங்கும் கொண்டு சென்றனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இத்துறைமுகம், 1944இல் பிரிட்டிஷ் கீழைக் கடற்படையின் தலைமையிடமானபோது, ஓய்வு நேரங்களில் பந்தை உதைத்த மாலுமிகளை அருகிருந்து கண்டனர் நம் இளைஞர்கள். 1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது; கப்பல்கள் போயின, பந்து நம்மிடம் தங்கிவிட்டது. தமிழ்நாட்டார் கால்பந்து என்பதை நாம் உதைபந்து என்கிறோம். ஆட்டத்தின் வேகம் நம் சொல்லிலேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்று மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் முறையான போட்டிகள் நடக்கின்றன. ஆயினும், காலணியில்லாத சிறுவன் இரண்டு கற்களை வைத்துக் கோல் அமைத்துக்கொள்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாத இடம் முற்றவெளியே. கோட்டைக்குள்ளிருந்து இறங்கி வரும் புள்ளிமான்கள் அதே புல்லை மேய்கின்றன. பந்து அருகே உருண்டு வந்தால் அவை தலையுயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்குகின்றன.

இந்த வெளி வெறிச்சோடிய காலமும் இருந்தது. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, காந்தி சிலையருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாலையில் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தாய்மார் அஞ்சினர். அந்த அச்சம் தணிந்து, பிள்ளைகளின் ஆரவாரம் மறுபடி கேட்பதற்குப் பல வருஷங்கள் ஆயின.

ஆகையால் நகரத்துப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எத்தகைய உயர்ந்த நோக்கம் சொல்லப்பட்டாலும், முற்றவெளியில் ஒரு சாண் நிலத்தையும் கட்டடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.